வயலுக்குக் காய்ச்சல்

தம்பி,

'அன்புள்ள' என்று தொடங்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். எந்தச் சொல்லை எங்கே போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். இதை உறையில் போட்டு ஒட்டியும் அனுப்பவில்லை. உன் ஆங்கிலக் கட்டுரையை நீ கல்லூரி மேடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் படித்தாய். பிறகு அது கல்லூரி மலரிலும் வந்தது. ஆகவே நானும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படியே எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். உன் அப்பாவும் படிக்கட்டும்.

நேற்று ஹைதராபாத்திலிருந்து போன் செய்து என்னிடம் சண்டை போட்டாயே, அந்த ஃபிளெக்ஸைப் பற்றி, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆமாம், கடைத்தெருவில் டீக்கடைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். மாட்டுப் பொங்கல் அன்று இளைஞர் மன்றம் நடத்துகிற விளையாட்டு விழா. உறியடிக்கும் இசை நாற்காலிக்கும் நடுவில் உன் படம். ஆண்டு விழாவுக்கு நீ இரவல் வாங்கிப் போட்டிருந்த கோட்டோடு நிற்கிறாய். 'நமது ஊர் எழுத்தாளர்' என்று மேலே. 'பரிசு பெற்ற தன் கட்டுரையைத் தமிழில் வாசிக்கிறார்' என்று கீழே. வைக்கச் சொன்னது உன் அப்பா. மன்றத்துப் பையன்கள் உறியடிக்கே நேரம் போதாது என்று தயங்கினார்கள். அவர் விடவில்லை. "யாரக் கேட்டும்மா வச்சாங்க? எடுக்கச் சொல்லு. எனக்கு லீவே கெடைக்காது போலருக்கு," என்றாய். நான் எடுக்கச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். லீவு கிடைக்காது என்கிற பேச்சை நம்புகிற வயதையும் நான் கடந்துவிட்டேன். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூரில் சினிமா பார்த்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிற்க வைத்தவள் நான்.

காய்ச்சல் என்றதும் உனக்கு எது நினைவுக்கு வருகிறதோ, எனக்கும் அதுதான் வருகிறது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்த புதிதில் நீ எழுதிய ஆங்கிலத்தை இப்போது உன் கண்ணில் காட்டினால் நீயே ஒத்துக்கொள்ளமாட்டாய். அகராதியில் இருக்கிற பெரிய பெரிய சொற்களைக் கூட்டிவந்து வரிசையாக உட்கார வைப்பாய். பொழுது விடிந்தது என்று எழுதமாட்டாய். கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான் என்பதற்கு அங்கே என்ன உண்டோ அதைத்தான் எழுதுவாய். 'என் ஊர்' என்று நீ எழுதிய பக்கத்தில் ஒரு மலையும் மலையிலிருந்து ஒரு அருவியும் இருந்தன. அம்மாப்பேட்டைக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கேயடா மலை என்று கேட்டேன். "கைடுல அப்படித்தாம்மா இருக்கு," என்றாய். உன் ஆங்கிலப் பேராசிரியை, அந்தத் திருச்சிக்காரப் பெண், அந்த வாரமே வகுப்புக்குச் சொல்லிவிட்டாள்: கைடில் இருக்கிற எதுவும் வரக்கூடாது, உங்கள் வீட்டில் கண்ணால் பார்த்த ஒரு வேலையை எழுதி வாருங்கள் என்று.

ஆடி மாதம். குறுவை தூர் கட்டுகிற சமயம். உன் அப்பா வயலைக் காயப் போட்டிருந்தார். இங்கே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் நீ யாருக்காக எழுதினாயோ அவர்களில் ஒருவர் இதைப் படித்தாலும் படிக்கலாம், அவருக்காகச் சொல்கிறேன். நட்ட பயிர் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டும்போது மடையை அடைத்து, நிற்கிற தண்ணீரை வடித்துவிடுவார்கள். மண் வெயிலில் இறுகி, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். அப்போது மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சுவார்கள். மறுபடி காயவிடுவார்கள், மறுபடி பாய்ச்சுவார்கள். தண்ணீர் எந்நேரமும் நின்றால் வேர் சோம்பலாக மேலேயே கிடக்கும். காயப் போட்டால் கீழே இறங்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இதற்குப் பெயர். வயல் இருக்கிறவர் இல்லாதவர் எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல்.

நீ இதைத்தான் எழுதினாய். காய்ச்சல் என்பதற்கு உனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல், நான் ஆறாம் வகுப்பில் லீவ் லெட்டரில் சொல்லிக் கொடுத்தது. எழுந்து நின்று படித்தாய்: "மை ஃபாதர் கேவ் ஃபீவர் டு தி ஃபீல்ட்." வகுப்பே சிரித்திருக்கிறது. "ஊசியா, மாத்திரையாடா?" என்று பின் பெஞ்சில் ஒருவன் கேட்டிருக்கிறான். நீ வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் வந்து நின்றாய். விஷயத்தைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன். "நீயுமா?" என்று முறைத்தாய். அப்புறம், "அம்மா, காயப் போடுறதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லு," என்றாய்.

"ட்ரையிங்."

"அது கொடியில துணி காயப் போடுறதும்மா."

"அப்ப வார்த்தை இல்ல. என்ன நடக்குதோ அத எழுது."

"அது பெருசாப் போவும்."

"போவட்டுமே. ஒங்கப்பாவுக்கு ஒரு போகமாவுது. ஒனக்கு ஒரு பாரா ஆவக்கூடாதா?"

நீ எழுதினாய். காலம் எல்லாம் பிசகிய, ஒருமை பன்மை முட்டிக்கொண்ட ஆங்கிலம்தான். ஆனால் அதில் இருந்தது இது: அப்பா பயிருக்குத் தாகம் உண்டாக்குகிறார். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகிறது. அது போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் மடையைத் திறக்கிறார். உன் பேராசிரியை பிழைகளையெல்லாம் திருத்திவிட்டு இந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு, 'இது உன்னுடையது' என்று எழுதியிருந்தாள். நீ அந்தத் தாளை என்னிடம் மூன்று முறையாவது காட்டியிருப்பாய். எனக்குச் சலிக்கவில்லை.

அதன் பிறகு நீ வளர்ந்ததை நான் கூட இருந்து பார்த்தேன். மெச்சுவதற்காகச் சொல்லவில்லை, கோபத்தின் கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு உன் வாக்கியங்கள் குட்டையாயின. நெல் கொள்முதல் நிலையத்தில் மழைக்குப் பயந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றதை எழுதினாய். அதில் ஒரு இடத்தில்கூடப் பாவம் என்ற சொல் வரவில்லை, படித்தவர்கள் எல்லோரும் பாவம் என்றார்கள். டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதை எழுதினாய். எங்கள் ஆசிரியர் அறையில் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கணக்கு வாத்தியார், "ஒங்க பையன் எழுதினதா, நீங்க எழுதிக் குடுத்ததா டீச்சர்?" என்று கேட்டபோது எனக்கு வந்த கர்வத்தை நான் மறைக்கவே இல்லை. எனக்கு வராத ஆங்கிலம் அது. எந்த இடத்தில் நிறுத்தினால் படிக்கிறவன் மூச்சும் நிற்கும் என்று நீ கற்றுக்கொண்டிருந்தாய்.

கற்றுக்கொண்டதை வைத்துத்தான் மூன்றாம் ஆண்டில் போட்டிக்கு எழுதினாய். ஆண்டு விழாவில் அதைப் படிக்க உன்னைக் கூப்பிட்டார்கள். நானும் அப்பாவும் முதல் வரிசை. அவர் வெள்ளை வேட்டியை விறைப்பாகத் தேய்த்துக் கட்டியிருந்தார். நீ படித்ததன் நடுப்பகுதியை அப்படியே தமிழில் தருகிறேன். சரிபார்த்துக்கொள்.

'என் தந்தை மடையை அடைத்தார். நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வயல் பிளந்தது. அந்தப் பிளவுக்குள் என் பாதம் இறங்கியது. எங்களையும் அவர் அப்படித்தான் விட்டுப்போனார்.'

சென்னையிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெல்டாவின் கண்ணீரை இந்த இளைஞன் எழுதிவிட்டான் என்றார். அவர் இந்தப் பக்கம் வயலில் கால் வைத்திருப்பாரோ என்னவோ. எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டியவர் உன் அப்பா. நீ மேடையிலிருந்து அவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாய். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை நம்பித்தானே அந்தக் கட்டுரையை எழுதினாய்? பக்கத்தில் ஆங்கில வாத்தியாரம்மா உட்கார்ந்திருப்பாள் என்பதை எப்படி மறந்தாய்? அல்லது, அம்மாதானே, காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாயா?

திரும்பி வரும் பஸ்ஸில் நீ நண்பர்களோடு பின்னால் போய் நின்றுகொண்டாய். அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னா டீச்சரம்மா, எம்பேச்சு நாலஞ்சு எடத்துல வந்துச்சு. ஃபாதர் ஃபாதர்ங்கிறான். என்னா எழுதிருக்கான்?"

"நம்ம வயலப் பத்திதாங்க. காயப் போடுறதப் பத்தி."

"அதையா? அதுக்கா அந்தப் பெரிய மனுசன் கண்ணத் தொடச்சாரு?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாந்தான் தப்பா நெனச்சிட்டேன், இவன் ஒண்ணையும் கவனிக்கலன்னு."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அன்று தொடங்கி அவர் ஊர் முழுக்கச் சொன்னார். உரக்கடையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பேசுவதையே விட்டிருந்த பங்காளி வீட்டுக்குப் போய் அங்கேயும் சொன்னார். "வயலக் காயப் போடுறத இங்கிலீஷ்ல எழுதி பிரைஸ் வாங்கிட்டான்." அந்தக் கட்டுரையைக் காட்டி உனக்கு ஹைதராபாத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் ஃபிளெக்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. மாட்டுப் பொங்கல் அன்று அந்த மேடைக்கு முன்னால் யார் உட்காருவார்கள் என்று யோசித்தாயா? மடையைத் திறந்து மடையை அடைத்து வாழ்கிறவர்கள். காயப் போட்ட வயலில் எந்தப் பிள்ளையின் பாதமும் இறங்காது என்று தெரிந்தவர்கள். கண்ணாடியைத் துடைக்க அங்கே ஒரு ஆளும் இருக்கமாட்டான்.

முதலில் உன் பேராசிரியைமேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்தான் இப்படி எழுத வைத்திருப்பாள் என்று நினைத்துத் துறைக்கே போய்விட்டேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. "என் வீட்டுக்காரர நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆண்டு விழாவுல பாத்தேன் மேடம். எழுந்து நின்னு தட்டினாரே. அப்பதான் எனக்கே என்னமோ இடிச்சுது."

"அதுக்கு முன்னாடி இடிக்கலியா?"

"கேட்டேன் மேடம். 'முதல் வருசம் வேற மாதிரி எழுதினியே, உங்கப்பா நெசமாவே இப்படியா'ன்னு கேட்டேன். ஆமான்னான். குரல் கம்மிடுச்சு. அதுக்கு மேல ஒரு புள்ளைகிட்ட நான் என்ன கேக்கிறது?"

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். உன் எழுத்தைத் திருத்தி எடுத்தவளிடமும் குரலைக் கம்ம வைத்துக் காட்டியிருக்கிறாய்.

உனக்கும் அப்பாவுக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? உனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான். நீ இன்ஜினீயரிங் வேண்டாம், இங்கிலீஷ் படிக்கிறேன் என்றபோது அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "வெள்ளைக்காரன் போயி எத்தினி வருசமாச்சு, இவன் இப்பதான் அவனுக்கு மனு எழுதப் போறான்," என்று டீக்கடையில் நாலு பேர் சிரிக்கச் சொன்னார். நீ பக்கத்துக் கடையில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்டது. நீ கடைசிவரை காற்று அடித்து, வால்வு மூடியை மெதுவாகத் திருகிவிட்டு, சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். அதை எழுதியிருக்கலாமே. அது நடந்தது. அதில் அவர்மேல் தப்பு இருந்தது. நீ அதை எழுதி மேடையில் படித்திருந்தால் நான் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன், உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேன். அவரையும் கேட்க விட்டிருக்கமாட்டேன். ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற பையனைப் பார்த்துச் சென்னைக்காரர் கண்ணாடியைக் கழற்றமாட்டார் என்று உனக்குத் தெரிந்துபோயிற்று. அவர்களுக்கு வெடித்த மண் வேண்டும். செய்தித்தாளில் படமாக வந்து வந்து பழகிய மண். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். முதலாண்டில் கைடிலிருந்து மலையையும் அருவியையும் எடுத்தாய் அல்லவா, இதையும் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறாய். கைடு மட்டும் வேறு.

இன்னொன்றையும் சொல்கிறேன். நன்றாக எழுதத் தெரியாதவன் ஒருவன் இதையே எழுதியிருந்தால் நான் சிவப்பு மையில் அடித்துவிட்டு மறந்திருப்பேன். நீ நன்றாக எழுதியிருக்கிறாய். 'நடந்தார்' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்கே ஒரு கணம் உன் அப்பாவின் முதுகு தெரிந்தது. கூடவே இருந்து குப்பை கொட்டுகிற எனக்கே அவர் அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் கடைசியில் தங்கள் தவறுகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது வழக்கம். நான் கேட்கப்போவதில்லை. உன்னை எழுதச் சொன்னதும், பாராட்டியதும், படிக்க அனுப்பியதும் தவறென்று நான் நினைக்கவில்லை. தவறு உன்னுடையது. அதை நீயே வைத்துக்கொள்.

உன் போனுக்குப் பிறகு, இன்று காலை, மலரை எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி எழுதினத ஒங்களுக்குப் படிச்சுச் சொல்றேன்," என்றேன். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதற்குச் சட்டை. ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. 'நடந்தார்' என்ற இடத்தில், "நான் எங்க நடந்தேன்? வண்டியிலல்ல போயிட்டு வந்தேன்," என்று சிரித்தார். பிளவில் பாதம் இறங்கிய இடத்தில் சிரிப்பு நின்றது. 'எங்களையும் அவர் அப்படித்தான் விட்டுப்போனார்' என்று சொல்லிவிட்டு மலரை மூடினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"மடைய மறுபடி தொறந்தேன்னு எழுதலியா?"

அவர் மலரை வாங்கி, தன்னால் படிக்க முடியாத அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வாக்கியம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஃபிளெக்ஸை எடுக்கச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? அவன் வரட்டும். தமிழ்லதான படிக்கப் போறான்," என்றார். மன்றத்துப் பையனைக் கூப்பிட்டு உன் நேரத்தை உறியடிக்கு முன்னால் மாற்றிவிட்டார். கூட்டம் கலைவதற்கு முன்னால் நீ படிக்கவேண்டுமாம். எந்தக் குரலில் அதைச் சொன்னார் என்று என்னால் உனக்கு எழுதிக் காட்ட முடியவில்லை. உன்னால் முடியும்.

ஆகவே லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. வா. மலரில் வந்ததையே படித்தாலும் சரி, ஒரு சொல் மாற்றாமல் படி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததை எழுதிவந்து படித்தாலும் சரி. முதலாண்டில் வகுப்பு சிரித்ததே, வயலுக்குக் காய்ச்சல் கொடுத்த அந்தப் பக்கம், அதைப் படித்தாலும் சரி. நான் உனக்கு எதையும் திருத்தித் தரமாட்டேன்.

முதல் வரிசையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போடச் சொல்லியாகிவிட்டது. அதே விறைப்பான வேட்டியில் உன் அப்பா உட்கார்ந்திருப்பார். போன முறை ஒன்றும் புரியாமல் எழுந்து நின்று தட்டினார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் புரியும்.

அம்மா